இல்லத்து இன்பம் எவருக்கு?

உண்பதிலும் பருகுவதிலும் மனிதன் பெறும் இன்பம் போற்றத்தக்கதா? பொறுத்துக்கொள்ளத்தக்கதா? அன்றி, விலக்கத்தக்கதா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. உலகைத் துறந்தோர் ஒரு விடை கூறினர். உலகைத் துய்ப்போர் மற்றொரு விடை கூறினர். நாவுக்கு ஆட்பட்டவன் நெஞ்சை இழப்பான் என்பது முன்னவர் வாதம். படைத்தவன் அளித்த சுவையைப் புறக்கணிப்பது அவனுடைய கொடையைப் புறக்கணிப்பதாகும் என்பது பின்னவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே வினாவை உண்பவன் ஒருவனோடு நிறுத்திவிடுகின்றன. அவனுடைய நாவைப் பற்றியும் நெஞ்சைப் பற்றியும் பேசுகின்றனவேயன்றி, அவன் முன்னே உணவு வந்து சேர்ந்த வழியைப் பற்றிப் பேசுவதில்லை.

இதனை நூல்களின் துணைகொண்டு மட்டும் ஆராய்வதைவிட, ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து ஆராய்வது பயன்தரும் எனக் கருதுகிறோம். நாம் தேர்ந்துகொள்ளும் வீடு மொராக்கோ நாட்டு வீடு. அரபியர் அந்நாட்டை 'அல்மக்ரிப்' என்று அழைப்பர். கதிரவன் மறையும் திசை என்பது அதன் பொருள். நாள்தோறும் நாம் தொழும் மக்ரிப் தொழுகையின் பெயரும் அச்சொல்லே. அந்நாட்டின் தான்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, அரபியர் 'மஅபர்' என வழங்கிய நம் கீழைக்கரைக்கு வந்து, மதுரைச் சுல்தானையும் கண்டு சென்றவர். ஆகவே அவ்வீடு நமக்கு முற்றிலும் அயல்வீடு அன்று.

கூடத்தில் ஒரு தட்டு

மொராக்கோ மக்கள் தங்கள் புதினாத் தேநீரை 'அதாய்' என்பர். அது நம் வீடுகளில் அவசரமாகக் கலக்கி ஆற்றும் தேநீர் போன்றதன்று. விருந்தினர் அமர்ந்த பின்னர், அவர்கள் கண்ணெதிரே ஆக்கப்படுவதே அதன் சிறப்பு. வேலைப்பாடு அமைந்த உலோகத் தட்டு ஒன்று கூடத்திற்கு வரும். அதன்மேல் தேநீர்க் குடமும் சிறு கண்ணாடிக் குவளைகளும் இருக்கும். அத்தட்டுக்கு 'ஸீனிய்யா' என்று பெயர். 'ஸீன்' என்பது சீன நாடு. சீனத்துப் பொருள் என்பதே ஸீனிய்யாவின் சொற்பொருள். நாம் இனிப்புக்கு வழங்கும் 'சீனி' என்னும் சொல்லும் அந்நாட்டின் பெயரையே சுமந்து நிற்கிறது. அரபியின் 'ஸுக்கர்' என்னும் சொல்லோ நம் சர்க்கரைக்கு உறவு. நாடுகள் ஒன்றிடம் ஒன்று வாங்கியதையும் கொடுத்ததையும் சொற்கள் மறப்பதில்லை.

தேயிலை பச்சைத் தேயிலை. துப்பாக்கி மருந்தின் குருணை போல ஒவ்வோர் இலையும் சுருண்டிருக்கும். குடத்தில் இலையை இட்டுக் கொதிநீர் சிறிது வார்த்து, அந்த முதல் நீரை ஒரு குவளையில் தனியே எடுத்து வைப்பர். அது தேயிலையின் உயிர்ச்சாரம் என்பது அவர்கள் கருத்து. மீண்டும் நீர் வார்த்துக் குலுக்கி, அதனைக் கொட்டிவிடுவர்; கசப்பும் தூசும் அதனோடு நீங்கும். பின்னர் எடுத்து வைத்த முதல் நீரைத் திரும்பச் சேர்த்து, கொதிநீர் நிரப்பி, அடுப்பில் வைத்து, கைநிறையப் புதினாவும் பெருங்கட்டிகளாகச் சீனியும் இடுவர். கூம்பு வடிவில் வார்த்த சீனிக் கட்டியைச் சிறு சுத்தியலால் உடைப்பது பழைய வழக்கம். குளிர்காலத்தில் நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த 'ஷீபா' என்னும் கசப்பு மூலிகையும் சேர்வதுண்டு.

கரண்டியிட்டுக் கலக்குவதில்லை. ஒரு குவளையில் ஊற்றி, அதனை மீண்டும் குடத்திலேயே வார்த்து, இவ்வாறு பலமுறை செய்வர். இறுதியில் ஊற்றுபவர் சிறிது பருகிப் பார்த்து, நிறைவு கொண்ட பின்னரே குடத்தை உயரத் தூக்கி, மெல்லிய தாரையாக ஒவ்வொரு குவளையிலும் நுரை ததும்ப வார்ப்பார். இவ்வளவும் முடியும் வரை அவையில் உரையாடல் நடந்துகொண்டே இருக்கும். அவசரப்படுவோர்க்கு அங்கே இடமில்லை.

தேநீர் தனித்து வருவதுமில்லை. மாவை மெல்லிதாக விரித்து, எண்ணெயும் வெண்ணெயும் தடவி, நாற்சதுரமாக மடித்துக் கல்லில் சுடும் 'மஸம்மன்' உடன் வரும். அதனைப் பார்ப்போர்க்கு நம் வீச்சுப் பரோட்டா நினைவுக்கு வரும். ரவை மாவைப் பொங்கவைத்து ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுக்கும் 'பக்ரீர்' வரும். அதன் மேற்புறம் எங்கும் நுண்ணிய துளைகள். உருகிய வெண்ணெயும் தேனும் அத்துளைகளில் இறங்கும். தெற்கே ஸூஸ் வட்டாரத்தில் வறுத்த வாதுமையை ஆர்கான் எண்ணெயோடும் தேனோடும் அரைத்த 'அம்லூ' ரொட்டிக்குத் துணையாகும். ரமளான் மாதத்தில் பேரீச்சம்பழத்தோடு, பருப்பும் கொண்டைக்கடலையும் தக்காளியும் சேர்த்துக் காய்ச்சிய 'ஹரீரா' நோன்பு திறக்கக் காத்திருக்கும். நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி பெறும் இடத்தை அங்கே அது பெறுகிறது.

வீட்டில் பிசைந்த ரொட்டி மாவைத் தெருவின் பொது அடுப்புக்குப் பிள்ளைகள் தலையில் சுமந்து செல்வது பழைய நகரங்களின் வழக்கம். பலவீட்டு ரொட்டிகள் ஒரே நெருப்பில் வெந்தாலும், எது எவ்வீட்டு ரொட்டி என்பதை அடுப்புக்காரர் அறிவார். தரையில் விழுந்து கிடக்கும் ரொட்டித் துண்டை மிதியாமல் எடுத்து, முத்தமிட்டு, உயரமான இடத்தில் வைப்பர். இவற்றையெல்லாம் காணும்போது, நாவின் இன்பத்தை இம்மக்கள் நன்றியோடு பிணைத்திருக்கின்றனர் என்பது தெளிவாகும்.

பழமை என்பது எது?

இந்தத் தேநீர் வழக்கம் மொராக்கோவின் தொன்மை மரபு என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. தான்ஜாவில் இப்னு பதூதாவின் தாயார் வீட்டில் 'அதாய்' இருந்ததில்லை. அவர் 1325இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சீனம் வரை சென்று திரும்பினார். சீனத்துத் தேயிலை அவருடைய ஊருக்கு வந்து சேரவோ மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின. பதினெட்டாம் நூற்றாண்டில் அது அரண்மனைகளும் செல்வர் மாளிகைகளும் மட்டும் அறிந்த அரும்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகர் தான்ஜா, ஸுவைரா ஆகிய துறைமுகங்கள் வழியே அதனைப் பெருக இறக்கினர். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் வடபுலச் சந்தைகள் அடைபட்டபோது, விற்க இடமின்றித் தேங்கிய தேயிலை மொராக்கோவை நோக்கித் திரும்பியது என்று வரலாற்றில் கூறுவர். அதன் பின்னரே மலைச்சிற்றூர்களிலும் பாலைநிலக் கூடாரங்களிலும் அது புகுந்தது.

புதியது ஒன்று வருமிடத்தில் ஐயமும் வரும். 1511ஆம் ஆண்டு மக்காவில் காப்பிக்குத் தடை விதிக்கப்பட்டதையும், அத்தடை நிலைக்காமற் போனதையும் அறிவோம். மொராக்கோவிலும் தேநீரைக் குறித்தும், ஐரோப்பாவிலிருந்து வந்த சீனியைக் குறித்தும் ஆலிம்களிடையே வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும், இப்பொருள் எங்கிருந்து வருகிறது, இதனால் நம் மக்களின் பொருள் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்டது வீண் கேள்வி அன்று.

இவ்வரலாறு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஒரு வழக்கம் பழையது என்பதனாலேயே நல்லதாகிவிடாது. புதியது என்பதனாலேயே தீயதாகிவிடாது. அயலிலிருந்து வந்த இலையை, அம்மக்கள் தங்கள் தோட்டத்துப் புதினாவோடு சேர்த்து, விருந்தோம்பலின் அடையாளமாக ஆக்கிக்கொண்டனர். பொருள் வாங்கப்பட்டது, பண்பு அவர்களுடையது. எனவே ஒரு வழக்கத்தை எடைபோட அதன் வயதைக் கேட்பதிற் பயனில்லை. அது மனிதரை என்ன செய்கிறது என்றே கேட்கவேண்டும்.

விலக்கு அன்று, விசாரணை

இனி முதல் வினாவுக்கு வருவோம். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு கடவாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது. அடுத்த வசனத்திலேயே, இறைவன் தன் அடியார்க்கு வெளிப்படுத்திய அழகையும் தூய உணவுகளையும் விலக்கியவர் எவர் என்னும் வினாவையும் அது எழுப்புகிறது. ஆகவே சுவை குற்றமன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058 - 1111) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலை நான்கு பகுதிகளாக வகுத்தார்கள். வணக்கங்களைப் பற்றிய முதற்பகுதி முடிந்து, உலக வாழ்வின் ஒழுங்குகளைப் பேசும் இரண்டாம் பகுதி தொடங்கும்போது, அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் உண்ணும் ஒழுக்கமே. உணவு அற்பமானது என்று அப்பேரறிஞர் கருதியிருந்தால் அதற்கு அவ்விடத்தை அளித்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். ஒருநாள் பசியால் வீட்டைவிட்டு வெளிவந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவ்வாறே பசியோடு வெளிவந்திருந்த அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரையும் கண்டு, அன்ஸாரித் தோழர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றார்கள். தோழர் நன்னீர் கொண்டுவரச் சென்றிருந்தார். அவருடைய மனைவியார் மூவரையும் வரவேற்றார். தோழர் திரும்பிவந்து பேரீச்சங்குலையை முன்வைத்தார். ஆடும் அறுத்துச் சமைத்தார். மூவரும் வயிறார உண்டு நீரும் பருகினர். அதன் பின்னர், இந்த இன்பத்தைப் பற்றி மறுமையில் வினவப்படுவீர்கள் என நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உணர்த்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வின்பத்தை மறுக்கவில்லை, உண்டார்கள். ஆனால் அது கேள்விக்கு உரியது என்றார்கள். அஃதாவது, இன்பம் விலக்கப்படவில்லை, விசாரிக்கப்படும். துறந்தோரும் துய்ப்போரும் காணத் தவறிய நடுவழி இதுவே. அவ்வாறாயின், மணமும் நுரையுமாக நம்முன் வந்த ஒரு குவளைத் தேநீரைப் பற்றி என்னென்ன கேட்கப்படலாம்? நமக்கு மூன்று வினாக்கள் தோன்றுகின்றன.

முதல் வினா: இந்த இனிமை எவர் உழைப்பு?

மொராக்கோவின் ஸஅதிக் குலத்துச் சுல்தான் அஹ்மத் அல்மன்ஸூர் 1578 முதல் 1603 வரை ஆட்சி புரிந்தார். அவர் காலத்தில் ஸூஸிலும் ஷீஷாவாவிலும் கரும்பாலைகள் பெருகி, அச்சீனி ஐரோப்பிய அரசவைகள் வரை சென்றது. மர்ராக்கிஷ் நகரில் அவர் எழுப்பிய அல்பதீஃ அரண்மனைக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல் வாங்கி, எடைக்கு எடை சீனி கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதினர். அக்கரும்பாலைகளில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்தது. சலவைக்கல்லின் எடையைக் கணக்கிட்டோர் அம்மனிதர்களின் வியர்வையைக் கணக்கிடவில்லை. அரண்மனை இன்று இடிபாடாக நிற்கிறது.

இதைக் கூறுவது இனிப்பை வெறுப்பதற்காக அன்று. 'ஹலால்' என்னும் சொல்லோடு 'தய்யிப்' என்னும் சொல்லையும் திருமறை இணைத்தே கூறும். ஆகுமானதாக இருப்பதோடு தூயதாகவும் இருக்கவேண்டும் என்பது இதன் கருத்து. கூலி மறுக்கப்பட்ட கை பறித்த இலையும், அடிமையின் கை பிழிந்த சாறும் நாவுக்கு இனிக்கலாம், தூயவை ஆகமாட்டா. இன்று நாம் வாங்கும் தேயிலைப் பொட்டலத்திற்கும் இவ்வினா பொருந்தும். மலைச்சரிவுகளில் முதுகிற் கூடையைச் சுமந்து நின்ற பெண்களில் தமிழ் பேசியோர் எத்துணைப் பேர் என்பதை நம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை.

இரண்டாம் வினா: எத்துணைச் சுமையோடு?

விருந்தளிப்பவர் தம் ஆற்றலுக்கு மீறி வருத்திக்கொள்வதை அரபியில் 'தகல்லுஃப்' என்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதனைக் கண்டித்து எழுதும் இடத்தில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார்கள். அபூ வாயில் என்பாரும் அவர் நண்பரும் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களைக் காணச் சென்றனர். அவர்கள் வாற்கோதுமை ரொட்டியும் உப்பும் வைத்தார்கள். உப்போடு 'ஸஅதர்' என்னும் மணப்பூண்டும் இருந்தால் நன்றாயிருக்குமே என்றார் நண்பர். ஸல்மான் (ரலி) அவர்கள் வெளியே சென்று, தாம் ஒளூச் செய்யும் நீர்க்குவளையை அடகுவைத்து, அப்பூண்டை வாங்கிவந்தார்கள். உண்டு முடித்த நண்பர், அளித்ததைக் கொண்டு மனநிறைவு தந்த இறைவனைப் புகழ்ந்தார். உமக்கு உண்மையாகவே மனநிறைவு இருந்திருந்தால் என் குவளை அடகுக்குப் போயிருக்காதே என்பதுதான் ஸல்மான் (ரலி) அவர்கள் தந்த மறுமொழி.

ஒரு கீரைக்கட்டின் விலைதான். ஆயினும் அது கொடுப்பவரின் வணக்கத்திற்குரிய பொருளை அடகுக்கு அனுப்பியது. நறுமணப் பூண்டு தன்னளவில் எளியது, புதினாவும் எளியது. அதனை வேண்டிப் பெறும் விதத்தில்தான் பளுவும் இலேசும் இருக்கின்றன. மொராக்கோவின் ஏழை வீட்டிலும் தேநீர்த்தட்டு வருவதற்குக் காரணம், இலையும் சீனியும் புதினாவும் இருந்தால் அந்த உபசாரம் நிறைவாகிவிடும் என்பதே. அந்த எளிமை இருக்கும் வரை அவ்வழக்கம் நன்மையானது. அங்கும் திருமணம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றுக்குச் சீனிக்கூம்புகளைக் கையுறையாகக் கொண்டுசெல்லும் முறை உண்டு. அன்பளிப்பாக இருந்தது எண்ணிக்கையாக மாறும்போது அதுவும் தகல்லுஃப் ஆகிவிடும். கடன்பட்டுக் கலியாண விருந்து வைத்து, விருந்தினர் கைகழுவிச் சென்றபின் கடன்காரரை எதிர்கொள்ளும் தந்தையரை நாமும் அறிவோம். அவ்விருந்தில் நாம் சுவைத்தது எதனை?

மூன்றாம் வினா: எவர் விடுபட்டார்?

நம் கருத்தில் மூன்றினும் கடுமையான வினா இதுவே. ஏனெனில், முன்னைய இரண்டும் எங்கோ உள்ள கரும்பாலையையும் எப்போதோ வரும் கலியாணத்தையும் தொடுகின்றன; இது நாள்தோறும் நம் அடுக்களையைத் தொடுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் மொராக்கோ வீடுகளில் 'குஸ்குஸ்' உண்பது வழக்கம். 2020ஆம் ஆண்டு அல்ஜீரியா, மொரிட்டானியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு வேண்டுதலால், யுனெஸ்கோ நிறுவனம் குஸ்குஸ் பற்றிய அறிவையும் வழக்கங்களையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அதனை ஆக்கும் முறையைக் கேளுங்கள். அகன்ற தாலத்தில் ரவையைப் பரப்பி, உப்புநீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் வட்டமிட்டு வட்டமிட்டு உருட்டவேண்டும். சிறு மணிகளாகத் திரண்டதைச் சல்லடையிற் சலிக்கவேண்டும். கீழே இறைச்சியும் காய்களும் வேகும் குழம்பு. அதன் ஆவியில் மேற்கலத்துக் குஸ்குஸ் வேகும். வெந்ததைத் தாலத்தில் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, நீரும் எண்ணெயும் தெளித்து, மீண்டும் ஆவியில் ஏற்றவேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை. புட்டும் இடியப்பமும் அவிக்கும் நம் பெண்மக்கள் இவ்வுழைப்பின் அளவை உடனே உணர்வர். ஆடவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது, பெருந்தாலத்தில் குன்றுபோற் குவித்து, நடுவே இறைச்சியும் சுற்றிலும் காய்களுமாக அது காத்திருக்கும். ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து, அவரவர் தம் முன்னுள்ள பக்கத்திலிருந்து எடுத்துண்பர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்போர்க்கு இக்காட்சி புதிதன்று. ஏழைகளுக்கும் ஒரு பங்கு செல்லும்.

இப்போது தேநீரையும் குஸ்குஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேநீர் அவை நடுவே ஆக்கப்படுகிறது. பழைய வழக்கப்படி வீட்டுத் தலைவரோ, அவர் பெருமைப்படுத்த விரும்பும் ஒருவரோ அதனை ஆக்குவார். அவர் அமர்ந்தே செய்கிறார்; உரையாடலில் கலந்துகொள்கிறார்; முதற்சுவையைத் தாமே பார்க்கிறார்; அவையோர் கைத்திறனைப் புகழ்கின்றனர். குஸ்குஸோ சுவருக்கு அப்பால் ஆக்கப்படுகிறது. காலை முழுவதும் குனிந்து நின்றவர் ஒருவர். புகழ் சுவரைத் தாண்டிச் செல்வது அரிது. விருந்தினர் உள்ள நாளில், பழைய குடும்பங்களில், ஆக்கியவர் உண்பது எல்லோரும் உண்டபின் எஞ்சியதையே. சிறிது நேர வேலைக்கு அவையில் முதலிடம்; அரைநாள் வேலைக்கு அடுக்களையில் கடையிடம். கண்ணிற் படும் உழைப்பு மதிப்பைப் பெற்றது. கண்ணிற் படாத உழைப்பு கடமை என்று பெயர் பெற்றது.

இக்குறை மொராக்கோவுக்கு மட்டும் உரியதென்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பெருநாள் காலையில் நம் வீடுகளில் முதற்சஹன் எவர்முன் வைக்கப்படுகிறது? இறுதிச் சோற்றில் எஞ்சிய எலும்பு எவர் பங்குக்கு வருகிறது? உம்மா சாப்பிட்டார்களா என்று கேட்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

இவ்விடத்தில் நாயக வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பாரசீகர் ஒருவர் அண்டைவீட்டார். அவர் ஆக்கும் ஆணம் மிகச் சுவையானது. ஒருநாள் ஆணம் ஆக்கிவைத்து, பெருமானாரை அழைக்க வந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டி, இவருக்கும் அழைப்பு உண்டா என்று கேட்டார்கள் பெருமானார். இல்லை என்றார் அவர். அப்படியாயின் நானும் வரவில்லை என்றார்கள். அவர் மீண்டும் அழைத்தார். மீண்டும் அதே வினா, அதே விடை, அதே மறுப்பு. மூன்றாம் முறை, இவருக்கும் உண்டு என்றார் அவர். அதன் பின்னரே இருவரும் எழுந்து, ஒருவர்பின் ஒருவராக நடந்து அவர் வீட்டை அடைந்தார்கள்.

நல்ல ஆணம், அன்பான அண்டைவீட்டார், முறையான அழைப்பு. மறுப்பதற்கு வேறொரு காரணமும் இல்லை. துணைவியார் விடுபட்டார் என்னும் ஒரே காரணத்தால் அவ்வின்பம் இருமுறை மறுக்கப்பட்டது. சுவையைத் துறந்து காட்டுவதற்காக அன்று. சுவை முழுமை பெறுவதற்காக.

உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்யுமாறும், இயலாவிடில் ஒரு கவளமேனும் இரு கவளமேனும் அவருக்கு அளிக்குமாறும் நபிமொழி ஒன்று பணிக்கிறது. காரணத்தையும் அது கூறுகிறது: அடுப்பின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவர். கூலிக்குச் சமைத்தவர்க்கே இவ்வுரிமை உண்டென்றால், கூலியின்றிச் சமைத்த தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் எவ்வளவு உண்டு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

பிறர் உண்ணக் கண்டு மகிழ்வதே தாயின் இன்பம். அவளை உடன் அமர்த்துவதால் அவ்வின்பம் குறையுமன்றோ என்று சிலர் கூறக்கூடும். இம்மறுப்பில் பொய்யில்லை. பசியோடிருந்த பிள்ளை உண்டு எழுவதைக் காணும் தாயின் மகிழ்ச்சிக்கு நிகரில்லை. ஆனால் அது அவளுடைய பெருந்தன்மை. அதனைச் சான்றாகக் காட்டும் உரிமை நமக்கில்லை. கொடுப்பவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது ஈகை. பெறுபவர் அதனை வழக்கமாக எடுத்துக்கொள்வது ஈகையன்று. வள்ளுவர் விருந்தோம்பலைத் துறவறத்தில் வைக்காமல் இல்லறத்தில் வைத்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இல்லறம் இருவரால் நடப்பது. விருந்தின் புகழும் இருவருக்கும் உரியது.

அயலார் அவையில் பெண்களை அமர்த்தவேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. மறைவு என்பது ஒழுங்கு. மறதி என்பது ஒழுங்கன்று. விருந்தினர் உள்ள நாளில், கூடத்துக்குச் சஹன் செல்லுமுன் அடுக்களைக்கென ஒரு சஹனைச் சூடாக எடுத்து வைப்பதற்கு எந்தத் திரையும் தடையாக இராது. விருந்தினர் இல்லாத நாளில் குடும்பம் முழுவதும் ஒருசேர அமர்வதற்கும் தடையில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனவே, தேநீரைத் தாமே ஆக்கித் தாமே ஊற்றும் அந்த மொராக்கோ வீட்டுத் தலைவரிடம் நம் ஆடவர் கற்கவேண்டியது உண்டு. அவர் தம் குடத்தைக் கூடத்தோடு நிறுத்தாமல், நுரை அடங்குமுன் முதற்குவளையை அடுக்களைக்கு அனுப்பினால், அவ்வழக்கம் இன்னும் அழகு பெறும்.

இப்னு பதூதா இருபத்தோராம் வயதில் வீட்டைவிட்டுச் சென்றவர், 1349இல் தாயகம் திரும்பினார். பல மன்னர்களின் விருந்தை உண்டவர் அவர். மாலத்தீவின் மீனையும் தேங்காயையும், தில்லியின் அரச உணவையும் சுவைத்தவர். இத்தனைக்குப் பின்னரும் தம் மக்ரிபின் உணவுக்கும் கனிகளுக்கும் நிகரில்லை என்றே தம் பயண நூலில் புகழ்ந்தார். ஆனால் தான்ஜாவை அடையுமுன், தாஸா என்னும் ஊரிலேயே, தம் தாயார் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி அவரை எட்டியது. ஊர் சேர்ந்து அவர் கண்டது தாயாரின் அடக்கத்தலத்தையே. மக்ரிபின் கனிகளும் ரொட்டியும் அங்கே குறைவின்றி இருந்தன.

இல்லத்து இன்பம் எதுவென்று ஆராய நமக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புதினாவைக் கடையில் வாங்கலாம்; தேயிலையைச் சீனத்திலிருந்து வரவழைக்கலாம். ஆக்கி அளிப்பவரைத்தான் எங்கும் வாங்க முடியாது. அவர் நம்மோடு இருக்கும் நாள்களில், இவருக்கும் உண்டா என்னும் அவ்வினாவை உண்ணுமுன் கேட்போமாக.